மகனின் கையுறை

வெல்டிங் பட்டறையில் பணிபுரியும் எம் மகனின் தோல் கையுறை கட்டைவிரலடியில் தையல் விட்டுப்போயிற்று. தோலோ நன்றாயிருந்தது, புதிது வாங்குவானேன்? தோல் தைக்கும் ஊசி கொண்டு, நைலான் நூலால் நாங்களே தைத்துக் கொடுத்தோம். இழுத்தாலும் அறாது என்று பெருமையும் பேசினோம்.

மூன்றாம் நாள் விரலில் தீக்கொப்புளத்துடன் வந்தான். பொறி பட்டு நூல் உருகி, பிளந்த தையல் வழியே மற்றொரு பொறி உள்ளே புகுந்திருந்தது. வெப்பத்தில் உருகாத கெவ்லார் நூலால் இத்தகைய கையுறைகளைத் தைப்பர் என்பதைப் பின்னரே அறிந்தோம். அவன் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை; அதுவே எம்மைச் சுட்டது.

அந்நூலை வாங்கி, இரவுச் செபமாலைக்குப்பின் அமர்ந்து, கையுறையை உட்புறம் திருப்பிப் பழைய துளைகளிலேயே ஊசியைச் செலுத்தினோம். புதுத் துளைகள் தோலைக் கிழித்துவிடும். முடித்ததும், எஞ்சிய நூலில் தீக்குச்சியை வைத்துப் பார்த்தோம். நுனி கருகிற்று, உருகவில்லை.