பழைய பாடக்குறிப்பு

 

போன வாரம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். இரவு பதினொரு மணிக்கு அலுவலகத்திலிருந்து போன். தினமும் இரண்டு வினாடியில் வரும் அறிக்கை அன்று பத்து நிமிடமாகியும் வரவில்லையாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்தாள். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"ஒரு எழுத்துகூட மாறலைம்மா. திட்டம்தான் மாறிப்போச்சு" என்றாள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகளை எழுதி, பெயர் வைத்து, டேட்டாபேஸுக்குள்ளேயே வைத்திருப்பதுதான் ஸ்டோர்டு புரொசீஜர். அவர்களுடைய எஸ்.கியூ.எல். சர்வர் அதை முதல்முறை ஓட்டும்போது, விவரத்தை எந்த வழியில் தேடுவது என்று ஒரு திட்டம் போடும். பிறகு வருகிறவர்களுக்கும் அதையே பயன்படுத்தும். ஒவ்வொரு முறையும் யோசிக்கும் நேரம் மிச்சம்.

அன்று சர்வரை நிறுத்தித் தொடங்கியதில் பழைய திட்டம் போய்விட்டது. அதன்பின் முதலில் கேட்டது ஒரு சின்னக் கிளை. இருபது வரிதான். இன்டெக்ஸைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டது. அடுத்துப் பெரிய கிளை கேட்டது. பல லட்சம் வரிகள். அதற்கும் அதே திட்டம்!

நம் சேர்க்கைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்கு டி.சி. என்றால் சேர்க்கை எண்ணை வைத்து அந்தப் பக்கத்தைத் திருப்புவோம். எல்லோருடைய பட்டியலும் வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதுதான் சுலபம்.

இதற்கு 'பாராமீட்டர் ஸ்னிஃபிங்' என்று பெயராம். அந்த ஒரு குவரிக்கு மட்டும் 'ரீகம்பைல்' என்று சேர்த்திருக்கிறாள். இனி ஒவ்வொரு முறையும் புதிதாகத் திட்டம் போடும். அதற்கும் உழைப்பு செலவாகும், எல்லாவற்றுக்கும் போடக் கூடாது என்றாள்.

அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் முதலில் சேர்ந்த பள்ளியில் என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொருவரையும் மேசைக்கு அழைத்து வாசிக்க வைப்பது என்று பாடக்குறிப்பு எழுதியிருந்தேன். நன்றாக நடந்தது. மாறுதலாகிப் போன பள்ளியில் ஐம்பத்தெட்டுப் பேர். அதே குறிப்பைப் பார்த்து எழுதி, கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பத்துப் பேர் வாசிப்பதற்குள் மணி அடித்துவிடும். மறுநாள் மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்குவேன். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர்க்காரனுக்கு முறையே வரவில்லை. ஆண்டு இறுதியில்தான் அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்று கண்டேன். அப்போதும் அவனைத்தான் திட்டினேன்.

குறிப்பு எழுதி வைத்தது தப்பில்லை. யாருக்காக எழுதியது என்று மறுபடி பார்க்காததுதான் தப்பு.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, ஜூனில் பழைய குறிப்பை எடுக்கும் முன் வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளாவது கடைசிப் பெயரிலிருந்து தொடங்குங்கள்.

அந்தப் பையன் இதைப் படிக்க நேர்ந்தால்: தப்பு உன்னுடையது இல்லை ராஜா, என்னுடையது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்