ஆபீஸில் நமக்கு எத்தனை குருமார்கள்?



மென்டரிங் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது மனிதவள மேலாண்மை வகுப்பில்தான். ஐந்து மார்க் கேள்வி. வகைகளை வரிசையாக எழுதி, அடிக்கோடு போட்டு மார்க்கும் வாங்கிவிட்டேன். ஆனால் அதன் அர்த்தம் புரிந்தது போன கோடை விடுமுறையில், மதுரையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மாதம் வேலை பார்த்தபோதுதான்.

முதலில் பெயர்க் கதை. ஹோமரின் 'ஒடிசி' காவியத்தில், போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் வீட்டை நம்பி ஒப்படைக்கும் நண்பனின் பெயர் மென்டோர். ஆனால் மகன் டெலிமாகஸுக்கு உண்மையில் வழிகாட்டியது, மென்டோர் உருவத்தில் வந்த ஏதீனா தேவதை. அதாவது நியமித்தது ஒருவரை, வழிகாட்டியது இன்னொருவர். எனக்கும் அதேதான் நடந்தது!

முதல் வகை, முறைப்படி நியமிப்பது. ஆடிட்டர் சார் என்னை ஒரு சீனியரிடம் ஒப்படைத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் 11-ஆம் தேதி ஒரு ஜி.எஸ்.டி. படிவம், 20-ஆம் தேதி இன்னொன்று என்று ஓடுகிறவருக்குச் சாப்பிடவே நேரமில்லை. இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் அதிகம் சொன்னது, "அப்புறம் பாக்கலாம் தம்பி."

இரண்டாவது, நம்மோடு இருப்பவர்களே சொல்லித் தருவது. எனக்கு ஆறு மாதம் முன்னால் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்பில் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். எந்த ஃபைல் எந்த பீரோவில், சாரிடம் எந்த நேரத்தில் கையெழுத்துக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அவர் சொன்னதுதான். மக்குத்தனமான கேள்விகளை அவரிடம் மட்டும்தான் பயமில்லாமல் கேட்க முடிந்தது. ஆறு மாதம் முன்னால் அவருக்கும் அதே சந்தேகங்கள் இருந்தனவே!

மூன்றாவது வகைக்கு நியமனமும் இல்லை, பெயரும் இல்லை. அந்த ஆபீஸில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிற ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் 'அண்ணே'. ஒருநாள் ஒரு கடையின் இருப்பாய்வில் 180 ரூபாய் உதைத்தது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிடலாமா என்று நான் யோசித்தபோது அண்ணே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எவ்வளவு உதைக்குது? 9-ஆல வகுத்துப் பாரு."

180-ஐ 9-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 20.

"அப்ப ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். இல்லாட்டி ஒரு சைபர் கூடக் குறைய விழுந்திருக்கும். அத மட்டும் தேடு."

ஒரு மணி நேரத்தில் மாட்டியது. பில்லில் 7,245. நான் அடித்திருந்தது 7,425. மூன்று வருட பி.காம். படிப்பில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பதிலுக்கு நான் அவருக்கு எக்செல்லில் வி-லுக்கப் சொல்லிக் கொடுத்தேன். இதற்கும் பாடத்தில் பெயர் இருக்கிறது, தலைகீழ் மென்டரிங். 1999-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவர் ஜாக் வெல்ச், தன் மூத்த அதிகாரிகளை இளைஞர்களிடம் இன்டர்நெட் கற்றுக்கொள்ளச் சொன்னார். எங்கள் ஆபீஸில் யாரும் சொல்லவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் அதுவாக நடந்தது.

இனிதான் நான் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்.

மாதக் கடைசியில் ஆடிட்டர் சார் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். "ரெண்டு நாளா நின்ன கணக்க ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டான்" என்றார். கண்டுபிடித்தது அண்ணே காட்டிய வழியில் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "தேங்க்ஸ் சார்" என்று மட்டும் சொன்னேன். அண்ணே தலையைக் குனிந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "விடுடா தம்பி. நீ சொல்லிக் கொடுத்த ஃபார்முலாவ நானும் யார்கிட்டயும் சொல்லலையே" என்று சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மென்டரிங் பற்றி 1985-இல் புத்தகம் எழுதிய கேத்தி கிராம், வழிகாட்டி செய்வதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, தொழிலில் மேலே வர உதவுவது. இன்னொன்று, மனசுக்குத் தெம்பு தருவது. அண்ணே எனக்கு வேலையும் கற்றுக் கொடுத்தார், தெம்பும் கொடுத்தார். ஆனால் அவருக்காக மேலே இருப்பவர்களிடம் பேச யாரும் இல்லை. நம் பெயரை நாம் இல்லாத இடத்தில் எடுத்துச் சொல்கிற ஆளை ஸ்பான்சர் என்கிறார்கள். 26 வருடத்தில் அண்ணேவுக்குக் கிடைக்காத வகை அது ஒன்றுதான். கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தையும் நான் விட்டுவிட்டேன்.

கடைசி நாள் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "அவருக்குத் தெரியாததா? இந்த ஆபீஸ்ல பாதிப் பேர் அவர்கிட்டதான் கத்துக்கிட்டாங்க" என்றார். அதை அவர் அண்ணே காதுபடச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால் நானே போய்ச் சொன்னேன்.

"அப்படியா சொன்னாரு?" என்றார் அண்ணே. பில்களை அடுக்கிவிட்டு மறுபடியும் கேட்டார், "சார் அப்படியா சொன்னாரு?"

பரீட்சையில் இந்தக் கேள்வி மறுபடி வந்தால் வகைகளை எழுதிவிடுவேன், மார்க்கும் வந்துவிடும். ஆனால் கற்றுக்கொண்டவன் கற்றுக் கொடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எந்த வகையில் வரும் என்று எங்கள் புத்தகத்தில் இல்லை.

உங்களுக்கும் இப்படி ஓர் அண்ணே இருந்திருப்பார். அவர் பெயரை எங்காவது சொன்னீர்களா?