பாரம் தாங்கும் கால்கள்

பரண் என்னும் சொல்லை வகுப்பில் விளக்குவது ஆண்டுதோறும் கடினமாகி வருகிறது. தினைப்புனத்துப் பரணும் தெரியாது. புளிப்பானையும் வெண்கல அண்டாவும் ஏற்றிவைத்த வீட்டுப் பரணும் தெரியாது. ஆனால் ஒரகடத்துக்கு வேலைக்குப் போன நம் பழைய மாணவர்களுக்கு வேறொரு பரண் தெரியும். அதற்கு அவர்கள் வழங்கும் பெயர் ரேக்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறக்கப்பட்டது. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள் முளைத்தன. தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் இரும்பு அச்சுகளை அங்கே ‘டை’ என்பர். ஒரு டன், இரண்டு டன் எடையுள்ள அவற்றுக்கு, ஆயத்தமாக விற்கும் ரேக்குகள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்துகொள்கிறார்கள். ஆயத்த ரேக்குக்குச் சோதனையும் அட்டவணையும் உண்டு. பட்டறை ரேக் எவ்வளவு தாங்கும் என்பதோ, பொறியாளர் எவரேனும் கணக்கிட்டு எழுதிவைத்தாலொழிய, வெறும் ஊகமே.

அத்தகைய ஓர் ஆலையின் ஸ்டோர்ஸில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் மாணவர் ஒருவர், கடிதம் எழுதித் தரும்படி நம்மிடம் வந்தார். ஃபோர்க்லிஃப்ட் இடித்து ரேக்கின் முன்கால் ஒன்று வளைந்திருக்கிறது. அதன்மேல் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடும்படி உத்தரவாம். “குறை சொல்வதுபோலவும் இருக்கக் கூடாது ஐயா, சொல்லாமலும் இருக்கக் கூடாது” என்றார்.

எழுதுமுன் பொருளை அறியவேண்டியிருந்தது. ஒல்லியான தூண் பாரத்தால் நசுங்குவதில்லை. பக்கவாட்டில் வளைந்தே வீழ்கிறது. அதன் வலிமை நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதை ஆய்லர் 1744இலேயே கணித்துக் காட்டினார். உயரமான பெட்டி வைப்பதற்காக ரேக்கின் அடித்தட்டை இருமடங்கு மேலே தூக்கினால், அந்தக் காலின் வலிமை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும். முன்பே வளைந்த காலுக்கு அதுவும் மிஞ்சாது.

ஐரோப்பிய நெறியான ஈ.என். 15635 இதற்கு எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறது. ஒரு மீட்டர் நேர்கோலை வளைந்த காலில் வைத்து இடைவெளியை அளக்கவேண்டும். பீம் ஓடும் திசையில் 5 மி.மீ., முன்பின் திசையில் 3 மி.மீ. வரை பொறுக்கலாம். அதன் இருமடங்கைத் தாண்டினால் உடனே பாரத்தை இறக்கவேண்டும். வாரந்தோறும் கண்ணால் பார்த்தல், ஆண்டுக்கொரு முறை வல்லுநர் ஆய்வு, பொறுப்பாளராக ஒருவர், தாங்கும் எடையைச் சொல்லும் பலகை ஆகியவற்றையும் அது கேட்கிறது. இந்நெறி ஆயத்த ரேக்குக்கானது. பட்டறை ரேக்கின் எல்லையை அதை வடிவமைத்த பொறியாளர்தான் சொல்லவேண்டும். அப்படி ஒருவரே இல்லாதபோது, இதைவிடக் குறைந்த எச்சரிக்கை நியாயமாகாது.

ஒரு கால் சரிந்தால் வரிசையே சரியும். 2016இல் இங்கிலாந்தின் ஹின்ஸ்டாக்கில் பாலாடைக்கட்டிக் கிடங்கின் ரேக்குகள் சரிந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் எட்டு மணி நேரத்துக்கும் மேலாகப் புதைந்து கிடந்து உயிருடன் மீண்டார். 2020இல் பிரேசிலின் சாவ் லூயிஸ் நகரக் கடையொன்றில் அடுக்குகள் சரிந்தபோது அங்கு வேலைபார்த்த இளம்பெண் மீளவில்லை. நம் பக்கத்திலும், ரேக்கால் அன்று, எந்திரத்தால் ஓர் உயிர் போயிற்று. 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் எந்திரத்தில் சிக்கிய இளம் பெண் தொழிலாளி உயிரிழந்தார். அந்த ஆலையும் 2014இல் மூடப்பட்டுவிட்டது.

மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைப் பேசும் குறளை இங்கே எண்ணாதிருக்க முடியவில்லை. பரிமேலழகர் அதைப் பிறிதுமொழிதலாகக் கொண்டு, எளியர் பலர் ஒன்றுகூடினால் வலியவனும் அழிவான் என்று பொருள் காண்பார். நமக்கு அது இடம்பெற்றுள்ள அதிகாரமே முக்கியமாகப் படுகிறது. வலியறிதல், அரசனுக்குச் சொன்னது. அளவறிந்து ஏற்றும் பொறுப்பை அது அச்சின்மேலோ வண்டிக்காரன்மேலோ வைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும், 2025 நவம்பரில் அதனிடத்துக்கு வந்த பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும்கூட, தொழிலாளியின் பாதுகாப்பை ஆலை நடத்துபவரின் கடமையாகவே வைக்கின்றன. விபத்துக்குப் பின் முதலில் கேள்வி கேட்கப்படுபவரோ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர்.

ஆகவே கடிதத்தில் யார் இடித்தார் என்பதை எழுதவில்லை. “வளைந்துள்ளது” என்றும் எழுதவில்லை. மாணவர் நேர்கோல் வைத்து அளந்து வந்தார்: முன்பின் திசையில் 8 மி.மீ. அந்த எண்ணையும், எல்லையையும், பாரத்தை இறக்கும்படி ஒரு வேண்டுகோளையும் எழுதினோம். மொத்தம் ஆறு வரிகள். உரிச்சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.

பத்து நாளில் அச்சுகள் இறக்கப்பட்டு, கால் மாற்றப்பட்டது. காரணம் எதுவும் சொல்லாமல் மாணவரும் வேறு ஷிஃப்டுக்கு மாற்றப்பட்டார். ரேக்கில் இப்போது பலகை தொங்குகிறதாம். ஒரு தட்டுக்கு இத்தனை கிலோ என்று எழுதவேண்டிய இடம் மட்டும் இன்னும் காலியாக இருக்கிறது என்றார்.