நாலு ரூம் வாடகை

திருப்பூரில் டெய்லராக வேலை பார்க்கும் யாரிடமாவது, 'பணம் சேர்ந்தால் என்ன செய்வீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒரு பதில் வரும். நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பது. இல்லையா, மூணு சென்ட் இடம் வாங்கி லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுவது. "மெஷின்னா ரிப்பேர் ஆகுமுங்க. வீட்டுக்கு என்ன ஆகப் போகுது?" என்பார்கள்.

நிறைய ஆகும்!

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. அவர் கட்டிங் மாஸ்டர். அந்தம்மா செக்கிங். 22 வருஷ உழைப்பில் பி.எஃப்., சீட்டுப் பணம், நகை என்று எல்லாம் சேர்த்து 15 லட்ச ரூபாய். மேலே 15 லட்சம் லோன் போட்டு நாலு ரூம் கட்டுவதாகத் திட்டம். "நீங்களும் ஒருக்கா வந்து இடத்தைப் பாருங்ணா" என்று கூப்பிட்டார்கள். போனேன்.

பல்லடம் ரோட்டிலிருந்து வெகு உள்ளே இருந்தது சைட். புரோக்கர் ரொம்ப உற்சாகமானவர். "பஞ்சாயத்து அப்ரூவல் பக்காவா இருக்குதுங்க" என்றார். அங்கேயே நான் உஷாராகிவிட்டேன். மனைப் பிரிவுக்குத் தேவை நகர் ஊரமைப்புத் துறையின் (டி.டி.சி.பி.) ஒப்புதல். பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்ப் அதற்கு ஈடாகாது. யானை ராஜேந்திரன் தொடர்ந்த வழக்கில் 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியவே தடை போட்டது. தமிழ்நாடு முழுக்கப் பல பேர் சைட்டை விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் தவித்தார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதுவும் 20.10.2016-க்குள் விற்ற மனைகளுக்குத்தான்.

அடுத்தது பத்திரம். ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவாகிவிட்டால் இடம் நம்முடையது என்று பலர் நினைக்கிறோம். அங்கே பதிவாவது பத்திரம்தான். விற்றவர் உண்மையான சொந்தக்காரரா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். மூலப் பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, பவர் மூலம் விற்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பது வரை! வக்கீலுக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களை மிச்சம் பிடிப்பதுதான் இருப்பதிலேயே காஸ்ட்லியான சிக்கனம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவிகிதம் தனி. இதைப் பட்ஜெட்டில் சேர்க்காமல் பாதிக் கட்டடத்தில் நிற்பவர்கள் உண்டு.

"தண்ணி எப்படிங்க?" என்று அந்தம்மா கேட்டார். "போர் போட்டா கொட்டுமுங்க" என்றார் புரோக்கர். கொட்டும். என்ன கலரில் என்பதுதான் திருப்பூரில் கேள்வி. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் தொட்டியாக மாறிய பூமி இது. அக்கம்பக்கத்து போரில் ஒரு பக்கெட் இறைத்துப் பார்த்து, டெஸ்ட்டுக்கும் கொடுத்துவிட வேண்டும். நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பெரிய கேள்வி பாக்கி இருக்கிறது. குடியிருக்க ஆள் எப்போதும் இருக்குமா? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. வேலை குறையக் குறைய, சந்து சந்தாக 'டு-லெட்' அட்டை தொங்கியது. 2020 ஊரடங்கில் வட மாநிலத் தொழிலாளர்கள் ரயிலேறிப் போனார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டதும் ஆர்டர்கள் தடுமாறின. இந்த ஊரில் வாடகை வருவது வீட்டிலிருந்து அல்ல, ஆர்டரிலிருந்து!

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரூமுக்கு 4,000 என்றால் நாலுக்கு 16,000. 15 லட்சம் லோனுக்கு 9 சதவிகித வட்டியில், 15 வருஷத்துக்கு மாதத் தவணை 15,200 சொச்சம். ஒரு ரூம் காலியானாலே கையிலிருந்து 3,200 போட வேண்டும். இதில் பெயின்ட், மோட்டார், வீட்டு வரி எதுவும் சேர்க்கவில்லை.

"ஏனுங்க, நாலும் காலியானா நாம எத்தனை மாசம் தாங்குவோம்?" என்று அந்தம்மா கேட்டார். கட்டிங் மாஸ்டர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே பனியன் கம்பெனி. ஆர்டர் இல்லாத மாதத்தில் வாடகையும் வராது, சம்பளமும் வராது.

அந்த சைட்டை விட்டுவிட்டார்கள். எட்டு மாதம் அலைந்து, அங்கீகாரம் பெற்ற மனையாகச் சின்னதாக வாங்கினார்கள். தாங்கள் குடியிருக்க ஒரு வீடு, வாடகைக்கு இரண்டே ரூம். லோன் ஏழு லட்சம், தவணை 7,100. ரூம்கள் காலியானாலும், இத்தனை வருஷம் இவர்கள் கொடுத்துவந்த 5,000 ரூபாய் வாடகை மிச்சம். பாக்கியை எப்படியாவது சமாளிக்கலாம்.

கட்டும்போது இன்ஜினியர், "ரெண்டு ரூமுக்கும் பொதுவா ஒரு பாத்ரூம் போதுமுங்க, செலவு குறையும்" என்றார். அந்தம்மா ஒப்புக்கொள்ளவில்லை. பன்னிரண்டு குடித்தனத்துக்கு இரண்டே கக்கூஸ் இருந்த லைன் வீட்டில், விடிகாலை நாலு மணிக்கு பக்கெட்டோடு வரிசையில் நின்றவர் அவர்.

"ரூமுக்கு ஒண்ணு கட்டுங்க" என்றார். கட்டினார்கள்.