கட்டளை கேட்கும் கணினி

கறுப்புத் திரை என்றால் எங்களுக்கு முதலில் தோன்றியது கரும்பலகைதான். கரும்பலகையிலாவது ஆசிரியை ஏதேனும் எழுதியிருப்பார். இதிலோ இடப்பக்கத்தில் ஒரு டாலர் குறி, அதனருகே கண் சிமிட்டும் சின்னக் கட்டம், அவ்வளவே. படமில்லை, பொத்தானில்லை, மவுஸுக்கு வேலையில்லை. நாம் ஒரு சொல் எழுதி எண்டர் விசையைத் தட்டும்வரை அது வாய் திறப்பதில்லை. பதினோராம் வகுப்பு மாணவியர் நாங்கள் ஐவர், மதிய உணவு முடிந்து மணியடிக்கும் வரை உள்ள சிறுபொழுதில், இந்தக் கறுப்புத் திரையோடு பேசக் கற்றுக்கொண்டோம். அதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நாங்கள் கற்ற கணினி புதியதன்று. எங்களுள் ஒருத்தியின் அக்காள் இதே பள்ளியில் மேல்நிலை இரண்டாமாண்டு படித்தபோது அரசு தந்த விலையில்லா மடிக்கணினி அது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அத்திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர் பல இலட்சம் பேர் மடிக்கணினி பெற்றனர். அவற்றில் விண்டோஸுடன் ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் வைத்துத் தரப்பட்டது. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட இயங்குதளம் அது. பலர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் தோழி வீட்டில் அந்தக் கணினி, பேட்டரி உயிரற்றுப் போய், டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. மின்சாரத்தில் நேராகச் செருகினால் எழுந்துகொள்ளும். அதுவே எங்களுக்குப் போதுமாயிருந்தது.

“தமிழ்வழி படிக்கும் எங்களுக்கு இது வருமா?” என்று கணினி ஆசிரியையிடம் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, “இருபது சொல் தெரிந்தால் போதும். நீங்கள் சந்தையில் பேசுவது அதைவிட அதிகம்” என்றார். எங்கள் தலைமை அருட்சகோதரியோ அமெரிக்க அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லரைப் பற்றிச் சொன்னார். அந்நாட்டில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண் அவர். பட்டம் பெற்ற ஆண்டு 1965. பின்பு ஐயோவா மாநிலத்தில் தம் சபையார் நடத்திய கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி நெடுநாள் நடத்தினாராம். கன்னியர் மடத்திற்கும் கணினிக்கும் வெகு தூரம் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அது பெரிய செய்தி.

முதல் நாள் கற்ற சொற்கள் மூன்று. நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்க ‘பிடபிள்யூடி’. இங்கே என்னென்ன இருக்கின்றன என்று கேட்க ‘எல்எஸ்’. வேறிடம் போக ‘சிடி’. சொற்கள் ஏன் இப்படிக் குட்டையாக இருக்கின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரால் தொடங்கப்பட்டது. அந்நாளில் அவர்கள் பெரும்பாலும் கட்டளை எழுதியது திரையில் அன்று. தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப் இயந்திரம் தாளில் விநாடிக்குப் பத்து எழுத்து வீதம் அடித்துக் காட்டும். விசைகளை ஓங்கி அழுத்த வேண்டும். நீளமாக எழுதினால் விரல் நோகும், நேரமும் போகும். ஆகவே இரண்டெழுத்தில் முடித்துக்கொண்டார்கள். அந்த விரல்வலி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் எங்கள் விரலுக்கு நன்மையாக வந்து சேர்ந்திருக்கிறது! பின்னர் 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸைப் போலவே நடந்துகொள்ளும் லினக்ஸ் கருவைத் தாமே எழுதி எல்லோருக்கும் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 21. அப்பாமார் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருப்பது அந்தக் கருதான்.

கோப்புகள் வைக்கப்பட்டிருக்கும் முறையை எல்லாப் புத்தகங்களும் மரத்திற்கு ஒப்பிடுகின்றன. மரமென்றால் வேர் கீழே இருக்க வேண்டுமே, இதில் வேர் மேலே இருக்கிறதே என்று முதலில் குழம்பினோம். எங்களுள் பூதலூர்ப் பக்கத்திலிருந்து வரும் தோழிதான், “மரத்தை விடுங்கள், கல்லணையை நினைத்துக்கொள்ளுங்கள்” என்றாள். உடனே விளங்கிவிட்டது. கல்லணையில் நீர் கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிகிறது. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாறு, வடவாறு என்று மேலும் பிரிகிறது. பிறகு வாய்க்கால், அதிலிருந்து கன்னி வாய்க்கால், கடைசியில் மடை. ஒரு கோப்பின் முகவரியும் இப்படியே: வேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நடுவே ஒரு சாய்கோடு. ‘மேக்டிர்’ என்று எழுதி நாங்களே ஒரு காவிரியை உண்டாக்கினோம். அதனுள் வெண்ணாறு, அதனுள் வடவாறு, எல்லாம் தமிழ் எழுத்திலேயே. ‘சிடி’ எழுதி இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே போகலாம். ஆற்றில் நீர் எதிரேறாது, நாங்கள் ஏறினோம்.

தமிழ்ப் பெயரை அது ஏற்றுக்கொண்டதில் ஒரு வேடிக்கை உண்டு. உலக மொழிகளையெல்லாம் கணினியில் எழுத உதவும் யூடிஎஃப்-8 என்னும் முறையை 1992 செப்டம்பரில் வகுத்தவர் யூனிக்ஸைப் படைத்த அதே கென் தாம்சன்தான். நண்பர் ராப் பைக்குடன் நியூ ஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் இரவு உண்ணும்போது, தட்டின் கீழ் விரிக்கும் தாளில் எழுதிக் காட்டினாராம். வாழை இலையில் உண்பவராயிருந்தால் என்ன செய்திருப்பாரோ! ‘டபிள்யூசி’ என்ற எண்ணும் கட்டளையிடம் ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு வகையில் கேட்டால் 15 பைட் என்றது. இன்னொரு வகையில் கேட்டால் 5 குறி என்றது. எங்கள் தமிழாசிரியை, “மூன்றெழுத்து என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளை சொல்லுமே” என்று வருத்தப்பட்டார். உயிர்மெய்யில் சேரும் கொம்பையும் சுழியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுகிறது, ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது என்று விளக்கிய பிறகுதான் ஓரளவு சமாதானமானார்.

அருட்சகோதரியர் மிகவும் விரும்பியது ‘கால்’ என்னும் நாள்காட்டிக் கட்டளை. 1752 செப்டம்பரைக் காட்டு என்றால், பெரும்பாலான யூனிக்ஸ் கணினிகளில் 1, 2 என்று வந்து அடுத்தது 14 என்று குதிக்கும். நடுவில் 11 நாட்கள் இல்லை! கணினி கெட்டுவிடவில்லை. திருத்தந்தை 13-ஆம் கிரகோரியார் 1582-இல் நாள்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் சில உடனே ஏற்று, அக்டோபர் 4-க்கு மறுநாளை 15 என்று எழுதின. அவிலா நகர்ப் புனித தெரேசா இறந்தது சரியாக அந்த இரவில். அவர் திருநாளை நாம் அக்டோபர் 15-இல் கொண்டாடுவது இதனால்தான். ஆங்கிலேயரோ 1752 வரை பிடிவாதமாக இருந்தனர். நம் தரங்கம்பாடியில் இருந்த டேனியர் 1700-லேயே மாறிவிட்டனர். ஆகவே ஐம்பது ஆண்டுக் காலம் தரங்கம்பாடியில் ஒரு தேதியும், அதே கடற்கரையில் கடலூர்க் கோட்டையிலிருந்த ஆங்கிலேயரிடம் 11 நாள் பிந்திய தேதியுமாக இருந்திருக்கிறது.

‘ஆர்எம்’ என்னும் அழிக்கும் கட்டளையைப் பற்றி ஆசிரியை கண்டிப்பாக இருந்தார். இங்கே குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான். ‘நிச்சயமா?’ என்று அதுவாகக் கேட்காது. கேட்கச் சொல்லி ஒரு குறி சேர்த்தால்தான் கேட்கும். எதை அழிக்கப் போகிறோமோ அதை முதலில் ‘எல்எஸ்’ போட்டுப் பார், பிறகு கைவை என்பது அவர் சட்டம்.

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்தி. யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு சின்ன வேலையை மட்டும் செய்யும். ஒன்று வரிசைப்படுத்தும், ஒன்று எண்ணும், ஒன்று தேடும். ஒன்றின் விடையை அடுத்ததற்குள் பாய்ச்ச நடுவே ஒரு நெட்டுக்கோடு போட்டால் போதும். இதற்குக் குழாய் என்று பெயர். டக் மெக்கில்ராய் என்பவர் 1964-லேயே, தோட்டத்து ரப்பர் குழாயை ஒன்றோடொன்று திருகிப் பூட்டுவது போல நிரல்களைப் பூட்ட வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதினார். 1973-இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் செய்து கொடுத்தார். எங்கள் ஊர்க் கணக்கில் இது வயலுக்கு வயல் மடை திறந்துவிடுவதுதான்.

எங்களுள் ஒருத்தியின் அம்மா நடவுக்கு ஆள் சேர்த்து அழைத்துப் போகிறவர். சம்பா நடவின்போது தினமும் யார் யார் வந்தார்கள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர் எழுதுவார். நடவு முடிந்ததும் நிலக்காரர் வீட்டுக் கணக்கில் மொத்தம் 369 ஆள் என்று வந்தது. இவருக்கோ குறைகிறது என்று மனத்தில் பட்டது. எண்ணி எண்ணிப் பார்த்தும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தொகை வந்தது. குழுவில் மூத்தவரான ஒரு பாட்டி, “எனக்கு நாள் குறையுது ஆத்தா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பெரிய சண்டையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு அடுத்த நடவுக்கும் தொடரும், குழு பிரிந்துபோகும் என்பது அம்மாவின் கவலை.

நோட்டை எடுத்து வரச் சொன்னோம். ஒரு வரிக்கு ஒரு பெயர் என்று, நோட்டில் உள்ளபடியே இரண்டு நாள் முறைவைத்து அடித்தோம். ‘டபிள்யூசி’யிடம் வரிகளை எண்ணச் சொன்னோம்: 371. பிறகு ‘சார்ட்’, ஒரு நெட்டுக்கோடு, ‘யூனிக்’, அதனுடன் எண்ணுவதற்கான ‘சி’ குறி. யூனிக் அடுத்தடுத்து நிற்கும் ஒரே வரிகளைத்தான் சேர்த்து எண்ணும். ஆகையால் முதலில் சார்ட் செய்து ஒரே பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். எண்டர் தட்டிய மறுகணம் பெயர்களும் நாட்களும் வந்துவிட்டன. ஆனால் நடவு நட்டவர் 23 பேர். திரையில் நின்றவர் 26 பேர். பார்த்தால், சில நாள் பெயரின் கடைசியில் ‘ள்’ இருக்கிறது, சில நாள் இல்லை. கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள்! ‘செட்’ என்னும் கட்டளையால் அவற்றை ஒன்றாக்கி மறுபடி ஓட்டினோம். 23 பேர் வந்தார்கள்.

பாட்டியின் பெயருக்கு நேரே 17 நின்றது. நிலக்காரர் கணக்கில் 15. ‘கிரெப்’ என்னும் தேடும் கட்டளையிடம் அவர் பெயரைக் கொடுத்து எந்தெந்த வரி என்று கேட்டு, நோட்டைப் புரட்டினோம். இரண்டு நாள் அவர் நடவுக்குப் போகாமல் நாற்றங்காலில் நாற்றுப் பறிக்கப் போயிருக்கிறார். அம்மா அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியே எழுதியிருக்கிறார். கணக்கெழுதியவர் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை. மற்ற 22 பேருக்கும் இரு கணக்கும் ஒத்திருந்தன.

விடையைக் கோப்பில் சேமித்து, பள்ளியில் ஒரு தாளில் அச்செடுத்துக் கொடுத்தோம். அம்மா அந்தத் தாளையும் நோட்டையும் சேர்த்தே எடுத்துப் போனார். தாள் மட்டும் போதாது, தேதி காட்ட நோட்டும் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிலக்காரர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கூலியை அப்போதே எடுத்துக் கொடுத்தாராம். நாங்கள் பெற்ற எந்த மதிப்பெண்ணும் எங்களுக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

கற்க விரும்பும் தோழியருக்கு ஒரு வார்த்தை. கணியம் தளத்தில் து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் குனு/லினக்ஸ்’ என்னும் நூல் இலவசமாகக் கிடைக்கிறது. நாங்கள் பெரிதும் படித்தது அதைத்தான். ‘மேன்’ என்று எழுதி ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால் கணினியே விளக்கம் காட்டும். அந்த ஆங்கிலம் கொஞ்சம் முரடு; அகராதியை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அக்காள் அண்ணன் மடிக்கணினி பெட்டிக்குள் கிடந்தால் வெளியே எடுங்கள்.

பாட்டி சென்ற வாரம் பள்ளி வாயிலில் எங்களைப் பார்த்தார். மழை விட்டதும் கீற்று முடைகிறாராம். யாருக்கு எத்தனை கீற்று கொடுத்தோம் என்பது நினைவில் நிற்பதில்லையாம். “அதையும் உங்க பொட்டி எண்ணுமா?” என்று கேட்டார். எழுதி வைத்தால் எண்ணும் என்றோம். அவருக்கு எழுதத் தெரியாது. ஆகவே சனிக்கிழமை தோறும் எங்களில் ஒருத்தி போய் எழுதி வருகிறோம்.