நரம்பு இல்ல, நாண்

எங்க பக்கம் காலுக்குள்ள இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே பேருதான்: நரம்பு. சுளுக்கினா நரம்பு பெரண்டுருச்சு. மரத்துப்போனா நரம்புத் தளர்ச்சி. குதிக்கு மேல வலிச்சா நரம்பு இழுக்குது. சிங்களத்திலும் பேச்சு வழக்கில் 'நஹர' என்ற ஒரு சொல்லே இதில் பாதியைச் சமாளிச்சுடும். வீட்டுக்குள்ள பேசிக்க இது போதும். ஆனால் மருந்து வாங்கப் போற இடத்தில் இந்தச் சொல் ஆளை வேறு திசையில் கொண்டுபோய் விட்டுடும்.

எங்களில் ஒருத்தியின் பெரியம்மா பசறைப் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருசமாகக் கொழுந்து எடுக்கிறார். இடது காலில், கணுக்காலின் உள்பக்க மொழிக்குப் பின்னால் வலி. "மேட்டுல ஏறினா தாங்கிக்கலாம் புள்ள, பள்ளத்துல எறங்கும்போதுதான் உசுரு போகுது" என்பார். காட்டிய இடத்திலெல்லாம் "நரம்பு இழுக்குது" என்றே சொன்னார். கிடைத்ததும் நரம்புக்கான விட்டமின் மாத்திரைதான். ராத்திரியில் சித்தாலேப. இப்படியே இரண்டு வருசம். எந்த இடம், யார் கொடுத்தார் என்பதை எழுதப் போவதில்லை. வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது, செருப்பைக் கழற்றி ரெண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்ல யாருக்கு நேரம்?

அவருக்கு இருந்தது நரம்பு வியாதி இல்லை, நாண் வியாதி. தசையை எலும்போடு கட்டிவைக்கும் கயிறுதான் தசைநாண். கெண்டைக்காலின் ஆழத்தில் தொடங்கி, உள்மொழிக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் நடுவில் ஒட்டும் நாண் ஒன்று இருக்கிறது. உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. கொழுந்து மலையில் நிற்கிறவரைப் பாருங்க, சரிவுக்குக் குறுக்கேதான் நிற்பார். மேட்டுப் பக்கக் காலின் வெளிவிளிம்பு தூக்கும், உள்பக்க நாண் இழுபடும். பள்ளத்துப் பக்கக் காலில் நேர்மாறாக வெளிப்பக்க நாண்களுக்கு வேலை. முதுகில் கூடை, இடுப்பில் படங்கு, காலில் றப்பர் செருப்பு. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம்தான் இந்த நாண் நோய் அதிகம் என்று மருத்துவப் புத்தகங்களே சொல்கின்றன. சீனி வியாதியும் பிரசரும் இருந்தால் இன்னும் கூடுதல்.

கண்டுபிடிக்க மெசின் எதுவும் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று, குதியைத் தூக்கச் சொல்லணும். நாண் கெட்டிருந்தால் தூக்க முடியாது, தூக்கினாலும் குதி உள்பக்கம் திரும்பாது. பின்னால் நின்று பார்த்தால் நோவுள்ள காலில் வெளிப்பக்கமாக விரல்கள் அதிகம் தெரியும். பதுளையில் எலும்பு வைத்தியர் ஒருவர் இதை ஒரு நிமிசத்தில் செய்து முடித்தார். பிறகுதான் ஸ்கேன்.

அப்போதுதான் 'சாவித்துவாரச் சத்திரசிகிச்சை' என்ற பேச்சு வந்தது. பித்தப்பைக்கு ஓட்டை போட்டு ஒப்பரேசன் செய்வது நம்மாளுங்களுக்குத் தெரியும். காலுக்குமா என்று நாங்க கேட்டோம். மூட்டுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது பழைய சங்கதி. 1918இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை இறந்த ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். நாணின் உறைக்குள்ளேயே போவது பிந்தி வந்தது. அம்ஸ்டர்டாமில் நீக் வான் டைக் குழுவினர் 1997இல் இதே உள்பக்க நாணுக்கு அந்த முறையை எழுதினார்கள், அடுத்த வருசம் வெளிப்பக்க நாண்களுக்கு.

செய்யிற விதம் இதுதான். மொழிக்கு மேலே ஒரு சின்னத் துளை, கீழே ஒன்று. ஒன்றின் வழியாகச் சுமார் 2.7 மில்லிமீற்றர் தடிப்பான கமராக் குழாய், மற்றதன் வழியாக ஆயுதம். உப்புத் தண்ணி பாய்ச்சினால் நாணைச் சுற்றிய உறை விரியும், உள்ளே உள்ளது டிவியில் தெரியும். வீங்கிய சவ்வைச் சுரண்டி எடுப்பார்கள், ஒட்டிக்கிடப்பதைப் பிரித்துவிடுவார்கள். நீளமாகக் கிழித்தால் புண் ஆற நாளாகும், தழும்பு நாணோடு ஒட்டிக்கும். துளையில் அந்தத் தொல்லை குறைவு, காலைச் சீக்கிரம் அசைக்கலாம். சீனி வியாதிக்காரருக்குப் புண் சின்னதாக இருப்பதே பெரிய விசயம்.

ஆனால் இது ஆரம்பத்தில், உறை வீங்கியிருக்கும் நிலையில், மருந்தும் பயிற்சியும் கேட்காதபோது செய்யிற வேலை. நாண் இழுபட்டு நைந்து, பாதம் தட்டையாகிவிட்டால் சுரண்டி எடுத்துப் பலனில்லை. அப்போது பக்கத்து நாண் ஒன்றை எடுத்து மாற்றிப் போடணும், குதி எலும்பை வெட்டி நகர்த்தி ஆணி அடிக்கணும். ஆறு வாரம் போல அந்தக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது, முழுசாகத் தேற பல மாதங்கள். பெரியம்மாவின் பாதம் தட்டையாகிவிட்டது. "ஓட்டை போட்டுச் செய்ய ஏலாதா?" என்று கேட்டதற்கு, முதல் வருசமே வந்திருந்தால் யோசித்திருக்கலாம் என்றார் வைத்தியர். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. எங்களுக்குத்தான் அந்த விட்டமின் மாத்திரை அட்டைகள் ஞாபகம் வந்தன.

வலியென்றாலே கத்திதான் என்றும் நினைக்க வேண்டாம். குதிக்கு மேலே இருக்கும் தடித்த நாண், அக்கிலீஸ், வேற கதை. 2024 பெப்ரவரியில் முகமது சமி ஒப்பரேசன் செய்துகொண்டது அந்த நாணில்தான். சுவீடனில் ஹோக்கன் அல்பிரட்சன் என்ற வைத்தியர் 1998இல் எழுதிய பயிற்சிக்குத் தேவை ஒரு படி மட்டும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நோவுள்ள காலில் பாரத்தைப் போட்டு, குதியை மெதுவாகக் கீழே இறக்கணும். ஏறுவதற்கு நல்ல காலைப் பாவிக்கலாம். முழங்கால் நேராக 15 தடவை மூன்று சுற்று, மடித்து அதேபோல மூன்று சுற்று. தினம் இரண்டு வேளை, 12 வாரம். கணக்குப் பார்த்தால் நாளுக்கு 180. தன் வலிக்கு ஒப்பரேசன் கேட்டு மறுக்கப்பட்டதால், நாணை அறுத்தே விடலாம் என்று பாரம் ஏற்றினாராம், வலி போய்விட்டதாம். லயத்து வாசலில் படிக்கு எங்க பஞ்சம்? வலி குதி எலும்போடு ஒட்டும் இடத்திலேயே இருந்தால் மட்டும் படிக்குக் கீழே இறக்காமல், தரையோடு நிறுத்திக்கணும்.

இன்னொன்று. மூத்திரக் கடுப்புக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசின் வகை மாத்திரைகள் நாணைப் பலவீனமாக்கும், சிலருக்கு அறுந்தே போகும். 2008இல் அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் இதற்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை போட்டது. அந்த மாத்திரை போடும்போது குதிக்கு மேல வலித்தால் வைத்தியரிடம் சொல்லுங்க.

பெரியம்மாவுக்கு இப்போதைக்கு உள்ளங்கால் வளைவைத் தாங்கும் அட்டையும் கணுக்கால் பட்டியும் கொடுத்திருக்காங்க, மேடு பள்ளத்தில் நடக்க வேண்டாம் என்ற புத்திமதியோடு. ஊவாவில் இருந்துகொண்டு மேடு பள்ளம் இல்லாமல் எங்கே நடப்பது? தண்ணிப் பீலிக்குப் போகவே நாற்பது படி. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானபோது பெரியம்மா சந்தோசப்பட்டார். ஒப்பரேசன் செய்தால் மாதக்கணக்கில் அதுவும் இல்லை. அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், படுத்திருக்கிற நாளுக்குக் காசு கொடுக்க ஆளில்லை. "மக வீடு கட்டி முடிக்கட்டும், பொறவு வெட்டிக்கலாம்" என்கிறார். நாங்க வற்புறுத்தவில்லை. பக்கத்துக் காம்பராக்களில் இருக்கிற அக்காமாரைச் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தோம். சிரித்துக்கொண்டேதான் நின்றார்கள். ஆறு பேரில் ஒருவருக்குக் குதி எழும்பவில்லை. அவருக்கு வலி தொடங்கி நாலு மாதம்தான் ஆகிறது. அடுத்த எலும்பு கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறோம். துண்டில் 'நரம்பு' என்று எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.