பயன்பாட்டில் இல்லாத பாறை

‘இந்தப் பாறையின் அடிவாரத்தில் வழிபாடோ வேறு புழக்கமோ கிடையாது.’ விண்ணப்பத்தில் இந்த வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டவன் நான்தான். நல்ல மலாயில், பிழையில்லாமல் எழுதிய பொய்.

கோல சிலாங்கூர் பக்கம் பிறந்தவனுக்கு மலை என்றால் ஓர் ஏக்கம். கடல் வண்டலும் சதுப்பும் செம்பனையும்தான் எங்கள் சீமை. பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுத் துரை இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டார். ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, பனை மட்டும் அப்படியே நிற்கிறது. உயரம் என்றால் புக்கிட் மெலாவத்தி ஒன்றுதான். ஒரு பழைய கோட்டை, 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், கூட்டம் கூட்டமாகக் குரங்குகள். அதை மலை என்று சொன்னால் பத்துமலைக்காரர்கள் சிரிப்பார்கள்.

பத்துமலையில்தான் பாறையேறக் கற்றேன். குடும்பமே காவடியோடு 272 படியேறிய மலையின் வேறொரு பக்கத்தில் நான் கயிறோடு தொங்கினேன். அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

இந்த விளையாட்டில் ஒரு பேராசை உண்டு. யாரும் ஏறாத சுவரில் துளை போட்டு, போல்ட் இறக்கி, முதலில் வழி அமைப்பவர்தான் அந்த வழிக்குப் பெயர் வைப்பார். ரவாங்குக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக் குன்றில் அப்படி ஒரு சுவரைக் கண்டேன். அப்பா வேலை செய்த தோட்டத்தின் பெயரை அதற்கு வைக்க நினைத்தேன். தோட்டம் விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பெயராவது பாறையில் நிற்கட்டுமே என்று ஆசை.

பல நண்பர்கள் யாரையும் கேட்காமல் இரவோடு இரவாகத் துளை போட்டுவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே இருந்தது. நிலம் மாநில அரசுக்குரியது; காப்புக்காடாக இருந்தால் 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச் சட்டப்படி உள்ளே போகவே அனுமதி வேண்டும். இதையெல்லாம் படித்துவைத்திருந்தேன். வனப்பகுதிப் பாறையில் போல்ட் அடிக்கலாமா என்ற விவகாரம் அமெரிக்காவில் நாடாளுமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சட்டமே வந்ததைக்கூடக் கூட்டம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தில் போல்ட்டுக்கு மட்டும் இரண்டு பக்கம். தாய்லாந்துக் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகூட வெளியே தெரியாமல் விரிசல் விட்டு முறிகிறது, அதனால் அங்கே டைட்டானியத்தைப் பசையால் ஒட்டுகிறார்கள், நானும் அதையே போடுவேன் என்றெல்லாம் விளக்கினேன்.

செடிகளுக்கு ஒரு வரியும் இல்லை. தீபகற்ப மலேசியாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் 1,216 தாவர இனங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். சில ஏதோ ஒரே குன்றில் மட்டும் முளைப்பவை. நானோ அனுமதி கேட்பதற்கு முன்பே, கைப்பிடிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கக் கம்பி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்திருந்தேன். வெல்வெட்டு மாதிரி மயிர் அடர்ந்த இலைக்கொத்துகள் வேரோடு உரிந்து கீழே விழுந்தன. துளைதான் போடவில்லையே, எதையும் தொட்டதாகக் கணக்கில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஒரு பெரியவர் வந்தது அப்போதுதான். சுவரின் அடியில் அவர் நட்டு வைத்திருந்த சூலம் ஒன்று. அடியில் மஞ்சள் துணி, பக்கத்தில் ஒரு சுருட்டு, தகர டின்னில் பாதி எரிந்த ஊதுவத்தி. முனியாண்டி சாமி.

“யாரு தம்பி, சர்வே ஆளா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஆமாங்கய்யா, கவர்மெண்டு வேலை” என்றேன்.

“தோட்டத்த வித்தப்ப லயத்துலேர்ந்து கொண்டாந்தது. எடுத்துறணுமா?”

எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் மண்ணைக் கையாலேயே கிளறி, சூலத்தைப் பிடுங்கி, துணியை உதறி மடித்து, டின்னோடு மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக்கொண்டு போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை, கடுதாசியைக் காட்டு என்று சொல்லவில்லை. மேலிடத்து உத்தரவு என்றால் தோட்டத்து ஆள் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கங்காணியும் கிராணியும் எங்கள் அப்பாவிடம் பேசிய அதே குரலில்தான் நானும் பேசினேன்.

அன்று இரவே விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். சூலம்தான் அங்கே இல்லையே, எழுதியது உண்மைதானே என்று ஒரு வாதம்கூட வைத்திருந்தேன்.

பிறகு விண்ணப்பத்தை மீட்டுக்கொண்டேன். மனம் திருந்தி என்று சொல்ல மாட்டேன். இடத்தைப் பார்க்க அதிகாரி வருவார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்று கேள்விப்பட்டதும் பயந்துவிட்டேன். பெரியவரைத் தேடிப் போகவும் இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. மீட்பதற்கான காரணம் என்ற இடத்தில் ‘பாறை உறுதியாக இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதுவும் பொய். நல்ல கெட்டியான பாறை அது.